ஒரு மணி நேரம் பேச வைப்பது எப்படி? குமரி மாவட்டத்திலிருந்து உலக விஷயங்களில் நேர்காணல் எடுக்க முழுமையான வழிகாட்டி

தூத்தூரில் ஒரு வீட்டு முற்றம். ஓய்வுபெற்ற விசைப்படகு ஸ்ராங்கு (படகை ஓட்டும் தலைவர்) ஒருவரிடம் நாற்பது நிமிடம் பேசி முடித்து, அவர் சட்டையிலிருந்து காலர் மைக்கைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இந்தியப் பெருங்கடலில் பிரிட்டன் கையில் உள்ள, அமெரிக்கப் படைத்தளம் இருக்கும் டீகோ கார்சியா தீவுப் பக்கம் மீன்பிடிக்கப் போய், பிரிட்டிஷ்காரர்களிடம் பிடிபட்டுத் திரும்பியவர். கேமரா ஓடும்போது, "அப்போது உங்கள் மனநிலை எப்படி இருந்தது?" என்று கேட்டிருந்தேன். "கஷ்டந்தான்" என்றார். அதோடு சரி. இப்போது நான் வயரைச் சுருட்டும்போது அவராகவே சொன்னார்: "ராத்திரி பூரா அந்தத் தீவுல லைட்டு எரியும் மக்ளே. நம்ம ஊர்ல எட்டு மணி ஆனா கரண்டு போயிரும். பிளேன் எறங்குகதும் ஏறுகதும் எண்ணிட்டே கெடப்போம். வேற என்ன வேலை?"

இந்தியப் பெருங்கடலில் அமெரிக்கப் படைத்தளம் என்று எத்தனையோ பேர் எத்தனையோ விவாதங்களில் பேசிக் கேட்டிருக்கிறேன். படகில் மல்லாந்து கிடந்து விமானத்தை எண்ணியவர் ஒருவர் அன்றைக்குத்தான் கிடைத்தார். மைக் அணைந்திருந்தது. அடுத்த வாரம் போய் அதையே திரும்பக் கேட்டேன். "அதான் அன்னைக்கே சொன்னேனே" என்று சிரித்துவிட்டு, அதே சேதியை இரண்டு வரியில் ஒப்பித்தார். உயிர் இல்லை.

உள்ளூர் கேபிளில் வாரம் ஒரு நிகழ்ச்சி செய்து, பிறகு யூடியூபுக்கு வந்தவன் நான். இந்த வேலையில் கற்றதில் பாதி, இப்படிக் கோட்டைவிட்டுக் கற்றதுதான். முதல் கேள்வியை வீட்டில் உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டாவது கேள்வி எதிரில் இருப்பவரின் பதிலுக்குள் இருக்கிறது. கீழே சொல்லும் எல்லா ஏற்பாடும் அந்த இரண்டாவது கேள்வி காதில் விழுவதற்காகத்தான்.

1. விஷயத்தை நம் வாசல் வழியாகப் பிடியுங்கள்

உலக அரசியல் பேச வேண்டும் என்றதும் பலர் நேராக உக்ரைனுக்கும் வாஷிங்டனுக்கும் போய்விடுகிறார்கள். அதைப் பேச ஆயிரம் சேனல் இருக்கிறது. நாகர்கோவிலில் இருந்துகொண்டு நாம் மட்டுமே பேசக்கூடியது எது என்று பாருங்கள். குறைவே இல்லை.

2012 பிப்ரவரி 15. கேரளக் கரையிலிருந்து ஏறத்தாழ 20.5 கடல் மைல் தொலைவில் 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலியக் கப்பலில் காவலுக்கு இருந்த அந்நாட்டுக் கடற்படை வீரர்கள் சுட்டதில் 'செயின்ட் ஆண்டனி' படகில் இருந்த இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் நம் மாவட்டத்துக்காரர். வழக்கு கொல்லத்தில் தொடங்கி, தில்லி உச்ச நீதிமன்றம் போய், ஹேக் நகரத்து நடுவர் தீர்ப்பாயம் வரை போனது. கடல் எல்லைச் சட்டம், கடற்கொள்ளையர் பயம், ராணுவத்தாருக்கான சட்ட விலக்கு, இழப்பீடு என்று சர்வதேச அரசியல் முழுவதும் ஒரு படகுக்குள் இருக்கிறது.

2020 ஜூலை 1 அன்று ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பல் ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தது. கொரோனாவில் மாட்டிக்கொண்ட தமிழ்நாட்டு மீனவர்கள் அதில் நிறையப் பேர். பாரசீக வளைகுடா அரசியலை அவர்களைவிட நன்றாக யார் சொல்லப்போகிறார்கள்? 2017 ஒக்கிப் புயலைப் பேசினால் பருவநிலை மாற்றமும் கடல் தேடுதல்-மீட்புச் சட்டமும் தானாக வந்துவிடும். மணவாளக்குறிச்சி மணலைப் பேசினால், அதில் கிடைக்கும் அருமண் தாதுக்களுக்காக (rare earth) நாடுகள் போடும் சண்டை வரும். மார்த்தாண்டம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டக்காரரிடம் விலையைக் கேளுங்கள், தாய்லாந்தும் சீனாவும் வந்து நிற்கும்.

கலாச்சாரம் என்றால், 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் டச்சுக் கம்பெனி தோற்ற கதை ஒன்றே போதும். பிடிபட்ட டி லனோய் பிறகு திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றுவித்து, புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமாகியிருக்கிறார். அந்தக் கல்லறைப் பக்கத்தில் நின்று ஒரு வரலாற்று ஆசிரியரோடு காலனியாதிக்கத்தைப் பேசுங்கள். ஸ்டுடியோ எதற்கு?

விஷயத்தை ஒரே வரியில், அதுவும் கேள்வியாக எழுத முடிகிறதா என்று பாருங்கள். 'சாகோஸ் தீவு' (டீகோ கார்சியா இருக்கும் தீவுக்கூட்டம்) என்பது வெறும் தலைப்பு. 'சாகோஸ் கை மாறினால் தூத்தூர்ப் படகை நாளைக்கு யார் பிடிப்பார்?' என்பதுதான் நேர்காணல்.

2. ஆளைத் தேடுவது

மூன்று வகை ஆட்கள் உண்டு: பட்டவர், படித்தவர், பதவியில் இருப்பவர். ஒரே நிகழ்ச்சியில் மூவரையும் சுற்றி உட்கார வைத்தால் அது விவாத மேடை, சத்தம்தான் மிஞ்சும். தனித்தனியாக எடுங்கள். பட்டவரை முதலில் எடுங்கள். அவர் சொன்னதைக் கையில் வைத்துக்கொண்டு படித்தவரிடம் போங்கள். இருவர் சொன்னதையும் வைத்துக்கொண்டு பதவியில் இருப்பவரிடம் போங்கள். இந்த வரிசை மாறினால் நிகழ்ச்சியே மாறிவிடும்.

கடற்கரை ஊர்களில் நேராக வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள். பங்குத்தந்தை, மீனவர் சங்கத்துக்காரர், நூலகப் பொறுப்பாளர் என்று அந்த ஊர் நம்பும் ஒருவர் மூலமாகப் போங்கள். ஆனால் கூட்டிப்போனவரைப் பதிவின்போது பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது. பேசுகிறவர் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசுவார்.

ஆளைச் சம்மதிக்க வைக்கப் பொய் சொல்லாதீர்கள். 1995-இல் பிபிசியின் மார்ட்டின் பஷீர் இளவரசி டயானாவிடம் எடுத்த பேட்டியை உலகமே பார்த்தது. அதைப் பெற அவர் போலி வங்கிக் கணக்குத் தாள்களைக் காட்டியிருந்தார் என்று 2021 மே மாதம் வெளியான டைசன் விசாரணை அறிக்கை உறுதி செய்தது. இருபத்தைந்து வருடம் கழித்து அந்தப் பேட்டியின் மானம் போனது. நம் அளவில் போலித் தாள் தேவையில்லை. "சும்மா ரெண்டு நிமிஷம்தான் சார்" என்று சொல்லி ஒரு மணி நேரம் உட்கார வைப்பதும் அந்த வகைதான்.

பணம்? பிரிட்டிஷ் தொகுப்பாளர் டேவிட் ஃப்ராஸ்ட் 1977-இல், பதவி விலகிய அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சனுக்கு 6 லட்சம் டாலர் கொடுத்துத்தான் பேச வைத்தார். அது அவர்கள் பாடு. பேருந்துச் செலவு, மதியச் சாப்பாடு கொடுக்கலாம். தொழிலுக்குப் போக வேண்டிய நாளை நமக்காக விட்டவருக்கு அந்த நாள் கூலியும் கொடுக்கலாம். கூலி கொடுத்திருந்தால் நிகழ்ச்சியில் சொல்லிவிடுங்கள்.

3. படிப்பது, ஒரே தாளில் எழுதுவது

ஒரு மணி நேரப் பேட்டிக்குக் குறைந்தது மூன்று நாள் படிக்கிறேன். படித்ததையெல்லாம் ஒரே தாளில், ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்வேன். இரண்டாவது பக்கம் போனால் பதிவின்போது தாளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், ஆளைப் பார்க்க மாட்டேன்.

சாகோஸ் நிகழ்ச்சிக்கு என் தாளில் இருந்தவை இவை. 1965-இல் மொரீஷியஸிலிருந்து பிரிட்டன் சாகோஸைப் பிரித்தது. 1968-இல் மொரீஷியஸ் விடுதலை. அந்த ஆண்டிலிருந்து 1973 வரை தீவு மக்களைக் கப்பலேற்றி வெளியேற்றினார்கள். 2010 ஏப்ரலில் சுற்றுக் கடலைப் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவித்து, மீன்பிடிப்பைத் தடுத்தது பிரிட்டன். 2019 பிப்ரவரி 25 அன்று சர்வதேச நீதிமன்றம் 13-க்கு 1 என்ற கணக்கில், தீவைச் சீக்கிரம் விட்டுவிட வேண்டும் என்று கருத்துச் சொன்னது. அது ஆலோசனைக் கருத்துதான், கட்டுப்படுத்தும் தீர்ப்பு இல்லை. 2025 மே 22 அன்று பிரிட்டனும் மொரீஷியஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தீவுக்கூட்டம் மொரீஷியஸுக்கு, டீகோ கார்சியா தளம் மட்டும் 99 ஆண்டுக் குத்தகை. அவ்வளவுதான் தாள்.

தேதிகளை மனப்பாடம் செய்வது மேதாவித்தனம் காட்ட அல்ல. எதிரில் இருப்பவர் தவறாகச் சொன்னால் அந்த நொடியில் பிடிக்க வேண்டும். இத்தாலிக் கப்பல் வழக்கைப் பேச வந்த ஒருவர், "ஹேக்ல நாம ஜெயிச்சிட்டோம்" என்றார். என் தாளில் இரண்டு வரி இருந்தது: வீரர்களை இந்தியா விசாரிக்க முடியாது, அவர்களுக்குச் சட்ட விலக்கு உண்டு என்றது தீர்ப்பாயம், இந்தியாவின் கடல் பயண உரிமையை இத்தாலி மீறியது, அதனால் இழப்பீடு தர வேண்டும் என்றும் சொன்னது. 10 கோடி ரூபாய் வந்த பிறகு 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. குடும்பத்துக்கு 4 கோடி வீதம் இரண்டு குடும்பம், படகு உரிமையாளருக்கு 2 கோடி. "அப்போ சுட்டவர்களை இங்கே விசாரிக்க முடியாமல் போனதை ஜெயிப்பு என்று எப்படிச் சொல்வது?" என்றேன். அடுத்த பத்து நிமிடம்தான் அந்த நிகழ்ச்சியிலேயே சிறந்த பகுதி.

4. கேள்வி எழுதுவது

நீளமான கேள்விக்குக் குட்டிப் பதில் வரும், குட்டிக் கேள்விக்கு நீளப் பதில் வரும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எழுதிய கேள்வியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நடுவில் மூச்சு வாங்கினால் வெட்டுங்கள். கேட்கக் கூடாத வகைகள் சில:

"அரசு மீனவர்களைக் கைவிட்டுவிட்டது என்று மக்கள் நினைக்கிறார்களே, அது சரிதானே, அதற்கு என்ன காரணம், இனி என்ன செய்ய வேண்டும்?" இதில் மூன்று கேள்வி இருக்கிறது. பதவியில் இருப்பவர் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிப்பார்.

"எப்படி உணர்ந்தீர்கள்?" இதை வைத்து நான் பட்டதுதான் மேலே இருக்கிறதே. உணர்ச்சியைக் கேட்டால் ஒற்றைச் சொல் வரும். கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் கேட்டால் உணர்ச்சி தானாக வரும். "அந்தக் கப்பல் வருவதை முதலில் யார் பார்த்தது? எந்தத் திசையிலிருந்து? படகில் அப்போது என்ன சமையல்? இரவில் என்ன தெரிந்தது?" இந்த நான்கையும் அன்று கேட்டிருந்தால் விமானக் கதை மைக்கில் விழுந்திருக்கும்.

"ஒக்கி சமயத்தில் எச்சரிக்கை தாமதமாகத்தான் வந்தது, இல்லையா?" பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பது வக்கீல் வேலை. "எச்சரிக்கை உங்களுக்கு எப்போது, யார் மூலம் வந்தது?" என்று கேட்டால் உண்மையும் வரும், கோபமும் வரும்.

கடினமான கேள்வியை எங்கே வைப்பது? தொடக்கத்தில் வைத்தால் ஆள் கதவைச் சாத்திக்கொள்வார். கடைசியில் வைத்தால் கேட்டுவிட்டு ஓடுவது போல் இருக்கும். மூன்றில் இரண்டு பங்கு நேரம் முடிந்ததும் வையுங்கள். ஸ்ராங்கிடம் நான் கேட்க வேண்டியிருந்த கடினமான கேள்வி, "எல்லை தாண்டுகிறோம் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்பது. நம் ஊர்க்காரர் என்பதற்காக அதை விட்டுவிட்டால், பிறகு பிரிட்டிஷ்காரரைக் கேட்க நமக்கு வாய் ஏது? கேட்டேன். சற்று நேரம் பேசவில்லை. "ஜிபிஎஸ்-ல தெரியும். மீனு அங்கதான கெடக்கு" என்றார். மறைக்காமல் சொன்னதால்தான் அந்த நிகழ்ச்சிக்கே மரியாதை வந்தது.

5. முன்பேச்சு

பதிவுக்கு முந்தைய நாள் போனில் பத்து நிமிடம் பேசுங்கள். எந்தப் பகுதியைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொல்லுங்கள். கேள்விகளை அனுப்பாதீர்கள். அனுப்பினால் பதிலை மனப்பாடம் செய்துகொண்டு வருவார், பட்டிமன்றம் போல் இருக்கும். போனில் கதையைச் சொல்லத் தொடங்கினால் அன்பாக நிறுத்துங்கள்: "அண்ணாச்சி, இதை நாளைக்கு முதல் தடவையாக் கேக்கணும், இப்ப வேண்டாம்."

6. இடமும் சத்தமும்

இதை ஒரு தொழில்நுட்ப விஷயம் என்று தாண்டிப் போகாதீர்கள். படம் சுமாராக இருந்தால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். சத்தம் சரியில்லை என்றால் ஒரு நிமிடம்கூடத் தங்க மாட்டார்கள்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை எந்த நேரமும் கொட்டும். தகர ஷீட் போட்ட வீட்டில் மழை பெய்தால் பேட்டி முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டு வீடு பரவாயில்லை, கான்கிரீட் வீடு நல்லது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் திறந்த வெளியில் எடுக்கவே எடுக்காதீர்கள். காற்றாலை நட்டு வைத்திருக்கிற இடத்தில் மைக் என்ன செய்யும்? கடற்கரையில் எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், மைக்குக்கு ரோமத் தொப்பி போட்டு, காற்று முதுகில் அடிக்கும்படி ஆளை உட்கார வையுங்கள்.

போவதற்கு முன் ஊர் நேரத்தை விசாரியுங்கள். கோயில் மணி எப்போது, பள்ளிவாசல் பாங்கு எப்போது, கோயிலில் கொடை நடக்கிறதா, குருசடியில் திருவிழாக் குழாய் கட்டியிருக்கிறார்களா, மீன் வண்டிக்காரர் எப்போது ஹாரன் அடித்து வருவார். இதையெல்லாம் தெரிந்துகொண்டு நேரம் குறித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

வீட்டுக்குள் ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட மறந்துவிடுவோம், அதனால் உங்கள் வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள்ளே வைத்துவிடுங்கள். சாவியை எடுக்கப் போகும்போது ஞாபகம் வரும். உள்ளே இருக்கும் மீன் கெட்டுப்போனால் அடுத்த முறை அந்த வீட்டில் சாயா கிடைக்காது.

காலர் மைக் இரண்டு வேண்டும், இரண்டும் தனித்தனி டிராக்கில் பதிவாக வேண்டும். தாடைக்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். தங்கச் சங்கிலியோ ஜெபமாலையோ மைக்கில் உரசுகிறதா என்று ஹெட்போனில் கேளுங்கள். சத்தத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே நின்றால் போதும், சிரிப்புக்கும் கோபத்துக்கும் இடம் வேண்டும். ஒரு செல்போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு மேஜை மேல் வையுங்கள். அதுதான் என்னை மூன்று தடவை காப்பாற்றியது. ஆள் உட்கார்ந்ததும், யாரும் பேசாமல் அந்த அறையின் அமைதியை முப்பது விநாடி பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் ஒட்டுப்போட அந்தத் துணி தேவைப்படும்.

கேமரா இரண்டு இருந்தால் நல்லது. ஒன்று என்றால் அதை அவர் முகத்தில் வையுங்கள், உங்கள் முகத்தில் வேண்டாம். 1959-இல் பிபிசியில் தொடங்கிய, ஜான் ஃப்ரீமேன் நடத்திய நேர்காணல் தொடரில் அவர் முகம் பெரும்பாலும் தெரியாது. கேமரா அவர் தோள் பக்கத்திலிருந்து விருந்தினர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். இன்றைக்கும் அதை மிஞ்சிய ஏற்பாடு இல்லை. இரண்டு கேமராவும் இருவருக்கும் இடையே போகும் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் இருக்கட்டும். மாறினால் இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவது போல் ஆகிவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ஷட்டரை 1/50-இல் வைத்தால் டியூப் லைட் மினுக்காது. முகத்துக்கு ஒரு ஜன்னல் வெளிச்சம் போதும். வியர்வை துடைக்கத் துண்டு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், ஃபேன் இல்லையே.

7. பதிவு

மைக் குத்தும் முன்பே ரெக்கார்டிங்கைத் தொடங்குங்கள். மைக் கழற்றி, சாயா குடித்து, செருப்புப் போடும் வரை நிறுத்தாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அது திருட்டு.

முதல் ஐந்து நிமிடம் அவருக்குக் கை வந்த விஷயத்தைக் கேளுங்கள்: எந்தத் துறையில் வேலை கற்றார், முதல் சம்பளம் எவ்வளவு. அந்தப் பகுதியைப் பெரும்பாலும் வெட்டிவிடுவோம், பரவாயில்லை. குரல் இளகுவதற்குத்தான் அது.

எப்படிக் கூப்பிடுவது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். ஸ்ராங்கை 'அண்ணாச்சி' என்றால் அழகு. பங்குத்தந்தையை 'ஃபாதர்' என்பது இயல்பு. வீட்டில் 'அண்ணே' என்று கூப்பிடும் சட்டமன்ற உறுப்பினரைக் கேமரா முன்னால் 'அண்ணே' என்றால் பார்ப்பவருக்கு உங்கள் கேள்வி மேல் நம்பிக்கை போய்விடும். 'சார்' அல்லது வெறும் 'நீங்கள்' போதும்.

பிறகு, கேட்பது. நாம் பலரும் அடுத்த கேள்வியைத் தாளில் தேடிக்கொண்டு பதிலைத் தவறவிடுகிறோம். அவர் பதிலில் ஏதாவது ஒரு சொல் உறுத்தினால் அதைத் திருப்பிக் கேளுங்கள். "சம்பளம் தரல, பாஸ்போர்ட்டும் அவரு கையில" என்று வளைகுடாவிலிருந்து வந்தவர் சொல்கிறார். உங்கள் தாளில் அடுத்த கேள்வி 'ஊர் திரும்பியது எப்படி?' என்று இருக்கும். அதை விடுங்கள். "பாஸ்போர்ட் அவர் கைக்கு எப்படிப் போச்சு?" என்று கேளுங்கள். தொழிலாளி முதலாளியையே நம்பி இருக்க வேண்டிய, வளைகுடாவின் ஸ்பான்சர் முறை முழுவதும் அந்தப் பதிலில் வரும்.

பதில் முடிந்ததும் மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். பேசாமல் இருப்பது சங்கடம், அந்தச் சங்கடத்தை நிரப்ப அவர்தான் பேசுவார். 2019 நவம்பரில் பிபிசியின் எமிலி மெய்ட்லிஸ், பாலியல் குற்றவாளி ஜெஃப்ரி எப்ஸ்டீனோடு இருந்த நட்பைப் பற்றி இளவரசர் ஆண்ட்ரூவிடம் எடுத்த பேட்டியைப் பாருங்கள். குரலை உயர்த்தவே இல்லை. தன் மேல் வந்த குற்றச்சாட்டை மறுக்க, வோக்கிங் ஊரில் பீட்சா கடைக்குப் போன கதையையும் தனக்கு வியர்க்காத கதையையும் ஆண்ட்ரூவாகவே சொல்லி மாட்டிக்கொண்டார். நான்கே நாளில் பொதுப் பணிகளிலிருந்து விலக வேண்டியதாயிற்று.

பதவியில் இருப்பவர் நழுவினால்? அதே கேள்வியை அதே சொற்களில் திரும்பக் கேளுங்கள், சிரித்த முகமாக. 1997-இல் பிபிசியின் ஜெரமி பேக்ஸ்மன் பிரிட்டிஷ் முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்டிடம் ஒரே கேள்வியைப் பன்னிரண்டு தடவை போலக் கேட்டதை வீரமாகச் சொல்வார்கள். அடுத்து ஓட வேண்டிய பதிவு தயாராகவில்லை, நேரத்தை ஓட்டத்தான் கேட்டேன் என்று பேக்ஸ்மனே பிறகு சொன்னார். நமக்குப் பன்னிரண்டு வேண்டாம். மூன்று தடவை கேட்டு, "இதற்குப் பதில் வரவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லி நகருங்கள். பார்ப்பவர் புரிந்துகொள்வார்.

கடுமை மட்டுமே வழி என்று நினைக்க வேண்டாம். ஜெயலலிதாவின் இரண்டு பேட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கலையின் பாதி விளங்கிவிடும். 1999-இல் சிமி கரேவால் மெதுவாகக் கேட்கக் கேட்க, தாயைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் பேசினார், பாடினார்கூட. 2004-இல் கரண் தாப்பர் குத்திக் குத்திக் கேட்க, உங்களோடு பேசியதில் மகிழ்ச்சி இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு முடித்தார். முதலாவதில் ஆள் தெரிகிறார், அரசியல் கணக்கு தெரியவில்லை. இரண்டாவதில் அதிகாரம் கேள்வியை எப்படி எதிர்கொள்கிறது என்று தெரிகிறது, புதிய தகவல் அதிகமில்லை. என்னைக் கேட்டால், பட்டவரிடம் சிமி, பதவியிடம் கரண். மாற்றிக் கேட்பவர்களைத்தான் தினமும் பார்க்கிறோம்: மந்திரியிடம் பிடித்த உணவு என்ன என்பார்கள், வலை கிழிந்தவரிடம் குறுக்கு விசாரணை செய்வார்கள்.

அழுதால் கேமராவை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். தண்ணீர் கொடுங்கள். நிறுத்தவா என்று கேளுங்கள். தொடரலாம் என்று அவர் சொன்னால் தொடரலாம்.

8. மொழி

விளவங்கோடு பக்கத்தில் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் வரும். "நல்ல தமிழில் பேசுங்க" என்று சொன்னீர்களானால் ஆள் பாதியாகிவிடுவார். மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) மரச்சீனியாகவே இருக்கட்டும். வெளியூர்க்காரருக்குப் புரியாது என்றால் கீழே எழுத்துப் போடுங்கள். நீங்கள் மட்டும் செய்தி வாசிப்பது போல் பேசாதீர்கள், அது அவரைப் பயமுறுத்தும்.

இலங்கைக்காரரோ வேறு நாட்டுக்காரரோ அவர் மொழியில் பேசினால், முதல் மூன்று விநாடி அவர் குரலைக் கேட்கவிட்டு, பிறகு தாழ்த்தி, மேலே தமிழ்க் குரல் கொடுங்கள். மொழிபெயர்ப்பவர் 'அவர் என்ன சொல்கிறார் என்றால்' என்று தொடங்கக் கூடாது. 'நான்' என்றே சொல்ல வேண்டும்.

9. வெட்டுவது

நிக்சன் பேட்டிக்கு ஃப்ராஸ்ட் பதிவு செய்தது ஏறத்தாழ 29 மணி நேரம், முதலில் ஒளிபரப்பானது ஒன்றரை மணி நேர நிகழ்ச்சிகள் நான்கு. வெட்டுவது தப்பில்லை. எதை வெட்டக் கூடாது என்பதுதான் கேள்வி. அவர் போட்ட நிபந்தனையை வெட்டக் கூடாது: "மழை சரியாப் பெஞ்சா" என்பதை எடுத்துவிட்டு "லாபம் வரும்" என்பதை மட்டும் வைத்தால் அது பொய். ஒரு கேள்விக்கான பதிலை இன்னொரு கேள்விக்குப் பின்னால் ஒட்டக் கூடாது. பிறகு தனியாக எடுத்த உங்கள் தலையாட்டலை, அவர் பேசும்போது நீங்கள் ஒப்புக்கொண்டது போல் செருகக் கூடாது. தயக்கத்தையும் முழுதாக எடுத்துவிடாதீர்கள். ஸ்ராங்கு "மீனு அங்கதான கெடக்கு" என்பதற்கு முன் இருந்த அமைதியை என் எடிட்டர் தம்பி வெட்டிவிட்டான். திரும்பப் போட வைத்தேன். அந்த நான்கு விநாடி இல்லையென்றால் அது திமிராகக் கேட்டது.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. ஒருவர் பேட்டியில் இன்னொருவரைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினால், ஒளிபரப்பிய நீங்களும் அவதூறு வழக்கில் வருவீர்கள். 2024 ஜூலையிலிருந்து அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு. ஆதாரத் தாளைப் பார்க்காமல் போடாதீர்கள், குற்றம் சாட்டப்பட்டவரிடமும் கேளுங்கள். பாலியல் வன்முறையில் பாதிக்கப்பட்டவரின், அதிலும் குழந்தைகளின் பெயர், முகம், ஊர், பள்ளி எதுவும் தெரியக் கூடாது. முகத்தை மங்கலாக்கிவிட்டுப் பின்னால் இருக்கும் வீட்டு வாசலை அப்படியே காட்டிய நிகழ்ச்சிகளைப் பார்த்திருக்கிறேன்.

10. தலைப்பு, திருத்தம், சேமிப்பு

தம்ப்நெயிலில் அவர் சொல்லாத வார்த்தையை மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள். 'கதறிய மீனவர்' என்று போட்டால் பார்வை கூடும்தான். அவர் கதறவில்லையே. அதைப் பார்த்துவிட்டு அந்தக் கரையில் வேறு யாரும் உங்களுக்கு வாய் திறக்க மாட்டார்கள்.

தகவல் தவறு என்று தெரிந்தால் வீடியோவின் கீழே முதல் வரியிலேயே திருத்தத்தைத் தேதியோடு எழுதுங்கள். பேசியவருக்கு நிகழ்ச்சியைப் பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஸ்ராங்கு வீட்டில் மொத்தக் குடும்பமும் டிவியைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தது. அவர் மட்டும் திண்ணையில் இருந்தார்.

வெட்டாத முழுப் பதிவை அழித்துவிடாதீர்கள். ஆள், ஊர், தேதி எழுதி இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், இரண்டும் வேறு வேறு வீட்டில். கடற்கரை வீடாக இருந்தால் உப்புக்காற்று இணைப்பு முனையைத் தின்றுவிடும். மூடி இறுகும் டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டிக்குள் வருமே அந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலம் நான்கைந்தோடு போட்டு வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து ஓட்டிப் பாருங்கள்.